ஆளுக்கு ஒரு வாய்

ஐந்தாவது வாய் உள்ளே போனது.

அவள் மூச்சுகூட விடவில்லை.

இட்லியைப் பருப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக மசித்திருந்தாள். மகனுக்கு வாயெல்லாம் புண். ஊட்டுவது பிளாஸ்டிக் கரண்டியால்தான். எவர்சில்வர் நாக்கில் பட்டால் துருப்பிடித்த ஆணியை நக்குகிற மாதிரி இருக்கிறதாம். ஆறு வயதுக்குள் யுகன் எப்போது ஆணியை நக்கினான் என்று அவள் கேட்கவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற உடம்பு. அது சொன்னால் சொன்னதுதான்.

மூன்று நாளாக ஒன்றும் இறங்கவில்லை.

நாளைக் காலையில் எடை பார்ப்பார்கள். இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நல்லதற்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. யுகனுக்குப் புரியவில்லை. பக்கத்து அறைக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மூக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் படுக்கிறான்.

ஐந்து வாயில் எடை ஏறிவிடாது. அவளுக்குத் தெரியாதா?

இருந்தாலும் ஐந்து வாய்.

ஆறாவதை எடுத்தபோது கதவு திறந்தது.

நாச்சிமுத்து. கணவனின் அண்ணன். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இருந்திருந்தால் குடும்பம் இந்நேரம் உருப்பட்டிருக்கும்.

மாஸ்க் தாடையில் இருந்தது. தாடைக்கு ஒன்றும் தொற்றிவிடக் கூடாது அல்லவா.

கையில் ஒரு லிட்டர் பாட்டில். உள்ளே பச்சை.

யுகன் வாயை மூடிக்கொண்டான். கையால் மூக்கைப் பொத்தினான்.

போன வாரமும் இதே பாட்டில்தான். பாகற்காயும் வேப்பங்கொழுந்தும் பச்சையாக அரைத்த சாறு. நாற்பத்தெட்டே நாளில் கட்டி கரைந்துவிடும் என்று அவருக்கு வாட்ஸப்பில் வந்திருந்தது. பச்சையாக எதுவும் கூடாது, நன்றாக வெந்ததை மட்டும் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாள் கட்டிலுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. அது வாட்ஸப்பில் வரவில்லை, பாவம்.

அன்றைக்கு அவள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் யுகனின் மூக்கைப் பிடித்தார். தன் தம்பியிடம், அவள் கணவனிடம், பிள்ளையின் தோளைப் பிடிக்கச் சொன்னார். தம்பி பிடித்தான்.

அவள் திரும்பி வந்தபோது தரையெல்லாம் பச்சை.

அப்புறம் இரண்டு நாள் காய்ச்சல். அதன்பின் தட்டைப் பார்த்தாலே குமட்டல்.

சொந்த மகளுக்குச் சளி பிடித்தால் மட்டும் அவருக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டும்.

"சாமி, பெரீப்பா வந்துட்டேன் பாரு. கண்ணை மூடிட்டு ஒரே மடக்கு!"

கட்டிலருகே நின்றிருந்த கணவன் சுவர்ப் பக்கம் திரும்பி, கை கழுவும் முறை பற்றிய படத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தான். மொத்தம் ஏழு படிகள்.

"வெறும் இட்லில என்னம்மா சத்து இருக்குது? புள்ளை தேறறதுக்கு நான் என்ன வேணும்னாலும் செய்வேனாக்கும்."

என்ன வேண்டுமானாலும்.

அவள் எழுந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பையைத் துழாவி எவர்சில்வர் கரண்டியை எடுத்தாள்.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தார். மரியாதை கிடைக்கிற இடத்தில் உடனே உட்கார்ந்துவிடுவார்.

அவளும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அவர் முன்னால் இதுதான் முதல் தடவை.

கரண்டி நிறைய ஊற்றி அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு என்ன சீக்கா?"

"ஆ காட்டுங்க மாமா."

குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

குடித்தார். முகத்தில் இருந்த பெரிய மனிதர் ஒரு நொடியில் காணாமல் போனார்.

யுகன் பார்த்தான். மூக்கைப் பொத்தியிருந்த கை மெல்ல இறங்கியது.

"பெரீப்பா இன்னொரு வாய் குடிச்சா, நானும் ஒரு வாய்."

கணவன் படத்தின் மூன்றாவது படியில் நின்றான்.

வலது கையில் பிளாஸ்டிக் கரண்டி. இடது கையில் எவர்சில்வர். பெரியவர்களுக்கு இடது கையால் எதையும் நீட்டக் கூடாது என்று சொல்லித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

நீட்டினாள்.

அவருக்கு ஒன்று. இவனுக்கு ஒன்று.

"இதுதான் கடைசி மாமா," என்று ஒவ்வொரு வாய்க்கும் சொன்னாள். குழந்தைகளிடம் சொல்கிற அதே பொய்.

ஒன்பதாவதில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெரட்டுதும்மா."

"பெரட்டத்தான் செய்யும். கண்ணை மூடிட்டு ஒரே மடக்கு."

யுகனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் புண் வலிக்கும். வலித்தது. சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் இன்னொரு வாய் ஊட்டிவிட்டாள்.

கிண்ணம் காலி.

"எனக்குப் போதும்மா," என்று சாய்ந்தான். குமட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். இரண்டு கையும் போர்வைக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாகக் கிடந்தன.

நாச்சிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு எழப்பார்த்தார்.

அவள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். கால்வாசிகூடக் குறையவில்லை.

கரண்டியை நிரப்பினாள்.

கணவன் சுவரை விட்டு வந்தான். அவள் கையைத் தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள்.

அவன் அவளைத் தாண்டிப் போனான். நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

அண்ணனின் தோளைப் பிடித்தான்.