இறுதி ஆட்டத்தின் மறுநாள்

லிதுவேனியாவின் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற மறுநாள் காலை, கின்டாஸ் கௌனாஸில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்த அம்மா நியோலேயின் கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா சாப்பிட்டாராம்மா?"

"எங்கடா! நேத்து ஆட்டம் முடிஞ்சதிலிருந்து ஒரு வாய் சூப்கூட இறங்கல."

"கடைசிப் பந்தைப் போட்டு ஜெயிக்க வெச்சது அவர் பிள்ளை. நாடே கைதட்டுது. அவருக்கு மட்டும் சந்தோஷம் இல்லையா?"

"சந்தோஷப்பட்டா போன வேலை வந்துடுமாடா?"

கின்டாஸ் படுக்கையறைக்குள் போனான்.

"ஏம்ப்பா, கடைசி நிமிஷத்துல என்னை மறிக்க ஏன் ஒருத்தனை மட்டும் விட்டீங்க? நான் இடது பக்கம்தான் திரும்புவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தோற்ற அணியின் பயிற்சியாளராக நேற்றுவரை இருந்தவர் கண்ணைத் திறக்கவில்லை.

"டீம் முதலாளியும் இதைத்தான் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"மறந்துட்டேன்னு சொன்னேன்."

"நீங்களா மறந்தீங்க?"

கின்டாஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"சீசன் பூரா உயிரைக் கொடுத்து ஆடினேன்ப்பா. நானேதான் ஜெயிச்சேன், நீங்க விட்டுக்கொடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.