கை நிற்கும் உயரம்

மலைக்குப் பின்னாலிருந்து வெயில் இன்னும் ஏறவில்லை. மக்காஹா கடற்கரையில் கடல் அசையாமல் பளபளக்கிறது. தோள்வலியால் எட்டு மாதமாகக் கடலுக்கே போகாத ஹௌனானி, நின்றபடி துடுப்புப் போடும் பலகையோடு வந்திருக்கிறாள். கரையோரத் துடுப்புக் கடைக்காரன் காய்போ ஒரு துடுப்பை மணலில் நிறுத்துகிறான். "கையைத் தலைக்கு மேல தூக்குங்க ஆன்ட்டி. துடுப்பு அந்த அளவு இருக்கணும்." அவள் கை கண் உயரத்தில் நின்றுவிடுகிறது. "அவ்வளவுதான்டா. பேசாம வீட்டுக்குப் போய்ச் சமைக்கவா?" "வீட்டுல இருக்கறவங்க பாவம்," என்றபடி அவன் நீட்டிச் சுருக்கும் துடுப்பு ஒன்றை அவள் கை நின்ற உயரத்துக்கே இறக்கிப் பூட்டுகிறான். அதன் அடித்தகடும் இரண்டு உள்ளங்கை அகலம்தான்; தோளுக்குப் பாரம் குறையும். தண்ணீரில் பலகைமேல் நின்று மெல்ல ஒரு தள்ளல். அவள் கண்ணை மூடி வலிக்காகக் காத்திருக்கிறாள். வரவில்லை. தண்ணீர் மட்டும் கிசுகிசுக்கிறது. இன்னொரு தள்ளல், இன்னொன்று. "சும்மா போட்டுப் பாக்கத்தானே போனீங்க? திரும்புங்க ஆன்ட்டி," என்று கரையிலிருந்து காய்போவின் குரல் வருகிறது. "வலிச்சா வரேன்டா," என்கிறாள் ஹௌனானி, துடுப்பை நிறுத்தாமல்.