காடிலாக்கின் றெக்கை

மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக ஒரு பழைய காடிலாக் கார் கல்யாண மண்டபத்து வாசலில் வந்து நின்றது. படகு மாதிரி நீளம். பின்பக்கம் இரண்டு றெக்கைகள் விறைத்துக்கொண்டு நின்றன. அதில் ஒன்றின் மேல் காக்கா வந்து உட்கார்ந்தது.

"பெரியவரே, இது எதுக்கு?" என்றது காக்கா.

இத்தனை வருஷத்தில் படம் எடுத்துக்கொண்டார்களே தவிர, யாரும் இதைக் கேட்டதில்லை. காடிலாக்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"அமெரிக்காவுல போர் விமானத்தைப் பார்த்து எங்க அண்ணனுக்குத்தான் முதல்ல வச்சாங்க."

"அவர் பறந்தாரா?"

"இல்லை. ஆனா ஊரே வாயைப் பிளந்துச்சு. அதனால அடுத்தடுத்து வந்த கார்களுக்குப் பெரிசா வச்சாங்க."

"அதுங்க பறந்துச்சா?"

"இல்லை," என்றது காடிலாக், குரல் கொஞ்சம் இறங்கி. "எனக்கு வச்சதுதான் எல்லாத்தையும்விட உசரம். அப்புறம் குறைச்சுக் குறைச்சு, எடுத்தே விட்டாங்க."

பக்கத்தில் நின்ற புதுக் குட்டிக் கார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "சும்மா பந்தாவுக்கா தாத்தா இவ்வளவும்?"

காக்கா தாவி அதன் கூரைக்குப் போனது. அங்கேயும் சுறாவின் முதுகில் இருப்பது போல ஒரு குட்டி றெக்கை.

"இது எதுக்குத் தம்பி?"

"ரேடியோ ஏரியல். பெரிய பெரிய கார்ல எல்லாம் இருக்கும்."

காக்கா ஒரு கொத்து கொத்தியது. ஏரியல் அலகோடு வந்துவிட்டது. அடியில் ஒயர் இல்லை, காய்ந்த பசைதான் இருந்தது.

"இருந்த இடத்துலயே வச்சிரு காக்கா," என்றது காடிலாக். "சின்னப் பிள்ளை. அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசா முளைக்கும்."