தலையை மட்டும் மாற்று

சிங்கராஜாவின் அரியணைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு சித்திரத் திரை கேட்டார்கள். உயிர் போனாலும் போகட்டும், உள்ளதை நெய்வோம் என்று உட்கார்ந்தது தூக்கணாங்குருவி. நெசவு கீழிருந்துதானே மேலே ஏறும்? முதலில் விழுந்து கிடக்கும் ஒரு மானை நெய்தது. பிறகு அதன் கழுத்தை மிதிக்கும் பாதத்தை நகத்தோடு நெய்தது. ராஜாவின் தலை கடைசியில் வந்தது.

ராஜா தன் கழுத்தைத் திருகுவார் என்று குருவி காத்திருந்தால், சிங்கமோ, "பிடரி பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. குருவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிங்கத்தை விரட்டிவிட்டுக் கரடி வந்தது. "தலையை மட்டும் பிரிச்சு என் தலையைப் போடு."

"கீழே ஒரு மான் சாகுதே, பார்த்தீங்களா?"

"ஓரத்துப் பூவேலைதானே? இருக்கட்டும்."

குருவிக்குப் பல் இருந்திருந்தால் நறநறவென்று கடித்திருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் மான்களெல்லாம் திரண்டு கரடியைத் துரத்தின. அவற்றின் தலைவர் புள்ளிமான் அரியணை ஏறிய அன்றே குருவி தானாகப் பறந்து போனது.

"ஐயா, அடிவரைக்கும் பிரிச்சிடறேன். புதுசா ஆரம்பிக்கலாம்."

புள்ளிமான் திரையை வெகுநேரம் பார்த்தது. மிதிபட்டுக் கிடந்த மானையும் பார்த்தது.

"அடிவரைக்கும் எதுக்கு? தலையை மட்டும் மாத்து."

"அட, அது சிங்கத்தோட கால் ஐயா! உங்களுக்குக் குளம்பு இல்லையா?"

புள்ளிமான் குனிந்து தன் குளம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டது.

"அந்த நகமே இருக்கட்டும்," என்றது.