எதிர் வீட்டுக்கு வந்த மேஸ்திரி

எதிர் வீட்டில் சுவரைக் கொத்தும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"படுக்கையறைச் சுவர்ல பூஞ்சைன்னு படம் பிடிச்சு ஓனருக்கு லெட்டர் எழுதினது நீங்க. ரெண்டு வீட்டுக்கும் அவர்தான் ஓனர், ஆனா வேலை நடக்கிறது அந்த டீச்சரம்மா வீட்ல! நேத்து கசியற பைப்பை மாத்தியாச்சு, இன்னிக்கு புதுசா பூச்சு. அவ பல்லைக் காட்டினா எல்லாம் நடக்குது. நம்ம குழந்தை ராத்திரியெல்லாம் இருமறது யார் காதுலயும் விழல!"

"இரு, விசாரிக்கறேன். சரிப்படலைன்னா நகராட்சியில புகார் கொடுப்போம். அதுக்கும் அசையலைன்னா வேற வீடு பார்ப்போம்" என்று கணவன் எழுந்தான்.

"விசாரணையெல்லாம் எதுக்கு? நேரா புகாரே கொடுங்க" என்றாள் அவசரமாக.

அதற்குள் அவன் எதிர் வீட்டு வாசலில் நின்று மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டான்.

"உங்க லெட்டரைப் பார்த்துட்டுதான் சார் ஓனர் என்னை அனுப்பினாரு" என்றார் மேஸ்திரி, கையிலிருந்த சிமெண்டைத் தட்டியபடி. "முதல்ல உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். 'சுத்தமா வெச்சிருக்கிற வீட்ல பூஞ்சை எப்படிங்க வரும்?'னு உங்க வீட்டம்மா வாசலோட அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் இந்த டீச்சர், 'எங்க வீட்ல நிறைய இருக்கு, வாங்க'ன்னு கூப்பிட்டாங்க."

கணவன் மெதுவாகத் திரும்பி, பின்னாலேயே வந்து நின்ற அவளைப் பார்த்தான்.

"பின்னே?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அந்த டீச்சர் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துட்டு நின்னா. அவ முன்னால நம்ம சுவரைக் காட்டச் சொல்றீங்களா?"