நண்டுக் கொம்பனியில் ஓட்டை

நிறஞ்சலாவின் போனை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார் எட்வேட். "பின்னேரம் வீட்ட போகேக்க தாறன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

வங்காலையில் அவருடைய நண்டுக் கொம்பனிக் கந்தோரில் கணக்கு வழக்குப் பார்க்க அவள் ஒருத்திதான் கிளாக். இரண்டு மாதத்தில் இரண்டு பெரிய வியாபாரிகள் கைநழுவிப் போய்விட்டார்கள். கற்பிட்டிக்காரர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முதல்நாளே பக்கத்து நண்டு வாடிக்கார மில்ரன் அவரை மடக்கிவிட்டான். நீர்கொழும்புக்காரர் விஷயத்திலும் அதே கதைதான்.

மில்ரனை எட்வேட்டுக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. தினமும் விடியப் பூசைக்குப் போய் முழங்காலில் நிற்கிற கள்ளன். எட்வேட்டோ ஞாயிறு பூசைக்கே பிரசங்கம் முடிகிற நேரத்தில்தான் நுழைவார். உழைக்கிறவனுக்கு நேரம் ஏது?

யார் வருகிறார், எப்போது வருகிறார் என்பதெல்லாம் கந்தோர்க் கணினியில் கிடக்கிற விஷயம். அதைத் திறக்கிறவள் நிறஞ்சலா. வேறென்ன சாட்சி வேண்டும்?

"கையும் களவுமாப் பிடிச்சுப்போட்டுத்தான் உன்னை வேலையால நிப்பாட்டுவன்," என்றார்.

"பிடியுங்கோ சேர். எனக்கும் அதுதான் வேணும்."

திருக்கேதீஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு பேருக்குச் சோறு. எட்வேட்டுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் விலைபோயிருப்பாள் என்று இன்னும் உறுதியாக நம்பினார்.

மன்னார் ரவுணில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வஸீர், எட்வேட் கூப்பிட்டதன்பேரில் வந்து, இரண்டு ரவுட்டர்களை மேசையில் வைத்தான். ஒன்றுக்கு ஆறு கொம்பு. மற்றது கொம்பே இல்லாமல், சவர்க்காரப் பெட்டி மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

எட்வேட் ஆறு கொம்பைத் தூக்கினார். "இதைப் பாத்தாத்தான் காவல் மாதிரிக் கிடக்கு."

"கொம்பு வைஃபை தூரம் போறதுக்கு, அண்ணன். காவலுக்கில்லை," என்றான் வஸீர். "மற்றதுக்குத்தான் அஞ்சு வருசத்துக்கு அப்டேற் வரும். வாற போற ஆக்களுக்குத் தனியா ஒரு லைன் பிரிச்சுக் குடுக்கலாம். ஆர், எந்த நேரம், எங்க தொடர்பு எடுத்தது எண்டு எல்லாத்தையும் எழுதி வைக்கும்."

"பழுதாப் போனா?"

"கொழும்புக்கு அனுப்பத் தேவையில்லை. நானே வந்து பாப்பன்."

நாலு வயரைச் செருகத் தெரிந்தவனெல்லாம் இந்தக் காலத்தில் எஞ்சினியர் என்று எட்வேட் மனதுக்குள் நையாண்டி செய்துகொண்டார். ஆனாலும் 'எழுதி வைக்கும்' என்ற சொல் பிடித்துவிட்டது. தட்டைப் பெட்டியையே பொருத்தச் சொன்னார். பதினெட்டு எழுத்தில் பாஸ்வேட் அடிக்கும்போது நிறஞ்சலாவைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் திரும்பினாள்.

அடுத்தது கொழும்பு ஹோட்டல்காரர். வெள்ளிக்கிழமை வருகிறார்; மாதம் ஆயிரம் கிலோ நண்டு வேண்டுமாம். எந்தப் புது வியாபாரத்துக்கும் ஒரு பூசை ஒப்புக்கொடுக்காமல் எட்வேட் இறங்கமாட்டார். ஆண்டவரிடம் அரைகுறையாகக் கேட்கக் கூடாது என்று ஆள், நாள், கிலோ எல்லாம் துண்டுக் கடதாசியில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே டேப்பும் சுற்றினார். வழமையாக அதைக் கோயிலில் பூசை வைக்கும் சுவாமியிடம் கொண்டுபோய்க் கொடுப்பவள் நிறஞ்சலா. இந்த முறை அந்த நம்பிக்கையும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய், புதன்கிழமைக் காலைப் பூசைக்கென்று கொடுத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை புதுச் சேட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார். மத்தியானம் போன் கோல் மட்டும்தான் வந்தது. ஹோட்டல்காரர் நேற்றே மில்ரனோடு கையெழுத்து வைத்துவிட்டாராம்.

வஸீரைக் கூப்பிட்டுப் பெட்டி எழுதி வைத்ததையெல்லாம் பார்க்கச் சொன்னார். வஸீர் ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து பார்த்தான்.

"இந்தக் கந்தோரிலயிருந்து ஒண்டும் களவாப் போகேல்லை, அண்ணன். வெளியிலயிருந்து ஒருத்தர் உள்ள வந்ததுமில்லை. சுத்தமாக் கிடக்கு."

நிறஞ்சலா கதிரையை விட்டு எழுந்தாள். "இப்பவெண்டாலும் நம்புறீங்களோ சேர்?"

"பெட்டி வயரைத்தான் பூட்டும். உன்ர வாயைப் பூட்டாது," என்றார் எட்வேட். "இனி வேலைக்கு வராதை."

அவள் அழவில்லை. போனையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். "சுவரைப் பாத்துக்கொண்டு நில் எண்டீங்கள், அதையும் பொறுத்தனான்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வஸீர் அவசரமாகத் தன் வயர்களைச் சுருட்டத் தொடங்கினான்.

எட்வேட்டுக்கு ஆத்திரம் ஆறவில்லை. நேரே மில்ரனின் வாடிக்குப் போனார். அவன் நண்டு நிறுத்துக்கொண்டு நின்றான்.

"உன்ர உளவாளியைக் கலைச்சுப்போட்டன்," என்றார். "இனி எப்பிடிக் களவெடுக்கிறாய் எண்டு பாப்பம்."

"ஆர், நிறஞ்சலாவோ?" மில்ரன் தராசை விட்டு நிமிர்ந்தான். "அந்தப் பிள்ளையோட நான் ஒருநாளும் கதைச்சதில்லை, அண்ணை."

"அப்ப கொழும்பான் வாறதை உனக்கு ஆர் சொன்னது?"

மில்ரன் அவரை ஒரு விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நீங்கள் துண்டில எழுதிக் குடுக்கிறதைச் சுவாமி பூசை தொடங்கேக்க மைக்கிலதானே வாசிக்கிறவர்."