புற்று யாருடையது?

முதலில் எனக்குத் துரோகம் செய்தது நல்லபாம்புதான். கரையானாகிய நான் மண்ணை மென்று மென்று கட்டிய புற்றுக்குள் ஒருநாள் நுழைந்து, என்னை வெளியே தள்ளியது.

பிறகு அந்த மேட்டில் மனை பிரித்தார்கள். புற்று சரியாகத் தெருவின் நடுவில் வந்தது. ஊராட்சித் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நாகம் குடியிருக்கிற இடம். தெருவை வளைச்சுப் போடுங்கப்பா" என்றார். வரைபடத்தில் புற்று கோயில் மனை ஆகிவிட்டது.

"பாத்தியாடா? பஞ்சாயத்தே வீட்டை எனக்கு எழுதிடுச்சு" என்றது பாம்பு.

"கட்டினவன் நான்."

"கட்டினவனை எவன்டா கேட்டான்? குடியிருக்கிறவனுக்குத்தான் கும்பிடு."

மழையில் புற்று கரையக் கூடாதென்று பக்தர்கள் அதன்மேல் சிமெண்டு பூசி, மஞ்சள் டைல்ஸ் ஒட்டினார்கள். இரைக்குப் போன பாம்பு திரும்பி வந்தபோது வாசலே இல்லை.

நேரே என்னிடம் வந்தது. "அண்ணே, இன்னொரு புற்று கட்டித் தாங்களேன்."

எனக்கு அண்ணன் பட்டம் கிடைத்தது அன்றுதான்.

"தாராளமா கட்டலாம்" என்றேன். "முதல்ல பழைய வீட்டைத் திருப்பிக் குடு. புது வீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்."

பாம்பு இன்னும் டைல்ஸைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கு வாய் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. வர வேண்டிய வீடுதான் இன்னும் வரவில்லை.